கணக்கு கேட்டா கேஸ் போடுவாங்களா?



"மானநஷ்ட வழக்கு போட்டுடுவேன்" என்ற ஒரே வார்த்தைக்குப் பயந்து, கணக்கு கேட்காமலே இருக்கிற குழுக்கள் உண்டு. அதனால இன்னைக்கு அதைப் பத்தியே பேசலாம்னு வந்தேன்.

ஒருத்தர் பேரைக் கெடுக்கணும்னோ, கெடும்னு தெரிஞ்சோ, மூணாவது ஆளுக்குப் போய்ச் சேர்ற மாதிரி சொல்றதும் எழுதறதும் அவதூறு. தனியா, முகத்துக்கு நேரா திட்டினா அது சண்டை, அவதூறு ஆகாது. யாரோ அனுப்பினதை வாட்ஸ்அப்பில் அடுத்தவங்களுக்குத் தள்ளிவிட்டாலும் மாட்டிக்கலாம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 499, 500. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவு. இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், இல்லேன்னா சமூக சேவை. நஷ்டஈடு வேணும்னா சிவில் கோர்ட்டுக்கு ஒரு வருஷத்துக்குள்ள போகணும்.

சரி, கணக்கு கேட்கிறது அவதூறா? இல்லை. அதே 356இல் விதிவிலக்குகள் இருக்கு. நம்ம நலனையோ மத்தவங்க நலனையோ காப்பாத்த நல்லெண்ணத்தோடு சொன்னா குற்றம் இல்லை. விசாரிக்க அதிகாரம் உள்ளவங்ககிட்ட நல்லெண்ணத்தோடு புகார் கொடுத்தாலும் குற்றம் இல்லை. ஆனா சட்டத்தில் நல்லெண்ணம்னா மனசு சுத்தமா இருந்தா மட்டும் போதாது. தக்க கவனத்தோடு, பார்த்து விசாரிச்சு சொல்லியிருக்கணும்.

உதாரணத்துக்கு, "நாங்க கொடுத்தது 20,000, பாஸ்புக்கில் ஏறினது 18,000, மீதி எங்கே?" இதைக் கூட்டத்தில் கேளுங்க, தீர்மான நோட்டில் எழுதுங்க, கூட்டமைப்புக்கும் எழுதிக் கொடுங்க. அதையே குழாயடியில் "குழுப் பணத்துல நகை வாங்கிட்டா"ன்னு சொன்னா கதை வேற. பாஸ்புக்கில் நகை எழுதியிருக்காது இல்லையா?

இன்னொண்ணு, தவணை கட்டாதவங்க போட்டோவை ஊர் குரூப்பில் போடறாங்க. எனக்கு இது பிடிக்கவே இல்லை. பாக்கி உண்மைதான். ஆனா கிரிமினல் வழக்கில் உண்மை மட்டும் காப்பாத்தாது. அதை வெளியிட்டதில் பொது நன்மை இருக்கணும்.

அவதூறுன்னு சொல்லி போலீஸ் நேரடியா கேஸ் பதிய முடியாது. பாதிக்கப்பட்டவர்தான் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்கணும். அதனால "ஸ்டேஷனுக்கு இழுப்பேன்"னு மிரட்டினா பயப்படாதீங்க. ஆனா பெண்ணோட மானத்தை இழிவுபடுத்தற நோக்கத்தோடு பேசினாலோ சைகை காட்டினாலோ அது 79ஆம் பிரிவு. அதுக்கு போலீஸே வழக்குப் பதியலாம்.

வேலை விஷயத்தில் நடந்த பாலியல் தொல்லையைப் பல வருஷம் கழிச்சு வெளியே சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணி மேல், முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே.அக்பர் அவதூறு வழக்கு போட்டார். 2021 பிப்ரவரியில் டெல்லி கோர்ட் அவரை விடுதலை செய்தது. பெண் தன் குறையைப் பல பத்து வருஷங்கள் கழிச்சும் சொல்லலாம்னு தீர்ப்பில் எழுதினாங்க.

நோட்டீஸ் வந்தா கிழிச்சுப் போடாதீங்க, வாங்கின தேதியைக் குறிச்சு வையுங்க. வருமானம் எவ்வளவா இருந்தாலும் பெண்களுக்கு சட்ட உதவி இலவசம். தாலுகா கோர்ட்டில் இருக்கிற சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்க, இல்லேன்னா 15100க்குப் போன் பண்ணுங்க. தீர்மான நோட்டையும் பாஸ்புக்கையும் கையோடு எடுத்துட்டுப் போங்க. வக்கீல் முதல்ல கேட்கப் போறது அதைத்தான்.