வாட்டிலிருந்து குடும்ப வைத்தியர் நிலையத்துக்கு



இலண்டன் வைத்தியசாலையொன்றில் பதினெட்டு வருடம் தாதியாக இருந்தேன். முழங்கால் இராக் கடமைக்கு ஒத்துழைக்க மறுத்தபின் குடும்ப வைத்தியர் நிலையமொன்றில் சேர்ந்தேன். இலகுவான வேலை என்றே எண்ணினேன்.

முதல் வாரமே பயம் பிடித்தது. வாட்டில் ஒருவர் மயங்கினால் கூப்பிட நாலு பேர் உண்டு. இங்கே கதவைச் சாத்தினால் நோயாளியும் நானும்தான். தடுப்பூசி, கருப்பைக் கழுத்துப் பரிசோதனை, நீரிழிவு, ஆஸ்துமா என ஒவ்வொன்றையும் புதிதாகப் பயின்றேன்.

இன்னொன்றைப் பிந்தியே அறிந்தேன். அங்கே குடும்ப வைத்தியர் நிலையங்களில் பெரும்பாலானவற்றை நடத்துபவர்கள் தேசிய சுகாதார சேவையோடு ஒப்பந்தம் செய்த வைத்தியர்கள். 2004இல் வைத்தியசாலைத் தாதியருக்கு வந்த சம்பளத் திட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தாது. சம்பளம், நோய் லீவு, பயிற்சி நேரம் எல்லாம் பேசித் தீர்ப்பவை. நான் பேசவில்லை. நோயில் படுத்தபோதுதான் ஒப்பந்தத்தை வாசித்தேன். மாற நினைக்கும் தங்கையரே, கையெழுத்திட முன்னரே வாசியுங்கள்.

ஆனாலும் நான் திரும்பிப் போகவில்லை. வாட்டை விட்டுப் போனவர் பிறகு என்னவானார் என்று தெரியாது. இங்கே நம்மூர் அம்மா ஒருவர் ஆறு வருடமாக வருகிறார். “குளிசை ஒழுங்காய்ப் போடுறா” என்று மகள்தான் ஆங்கிலத்தில் சொல்வார். மகள் வராத ஒருநாள் நான் தமிழில் கேட்டேன். விரத நாட்களில் குளிசையும் இல்லையாம்! வைத்தியரோடு பேசி, விரதத்துக்கேற்ப ஓர் ஒழுங்கு செய்துகொடுத்தோம்.

அப்படிக் கேட்கக் கிடைக்கிற அந்தச் சில நிமிடங்களுக்காகவே அங்கு இருக்கிறேன்.