யாழை மதிப்பிட்ட கண்

(அமிர்தியில் நிகழ்ந்த பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



ஜவ்வாது மலையின் அடியில், காட்டாறு சலசலக்கும் அமிர்தியில் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழா நிகழ்வது பொருத்தமே. இம்மலைத்தொடரில் தோன்றும் சேயாறு தென்புறம் இறங்கிச் செங்கத்தைத் தழுவி ஓடுகிறது. அச்செங்கமே சங்க காலத்துச் செங்கண்மா. நன்னன் என்னும் வள்ளலின் ஊர். அவனை நாடிச் சென்ற கூத்தரைப் பற்றியதே பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம். இரணியமுட்டத்துப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகளைக் கொண்ட அப்பாட்டு, மலையையோ மன்னனையோ பாடித் தொடங்கவில்லை. கூத்தர் சுமந்து சென்ற இசைக்கருவிகளைச் சொல்லித் தொடங்குகிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை எனக் கருவிகள் பைகளில் கட்டப்பட்டுத் தோள்களில் தொங்குகின்றன. அப்பைகள் புலவர் கண்ணுக்குப் பலா மரத்தில் கொத்தாகத் தொங்கும் காய்களாகத் தெரிகின்றன.

பழைய இசைக்கருவியை வாங்குவது எப்படி, பேணுவது எப்படி, அதன் மதிப்பை அறிவது எப்படி என்பதே இவ்வுரையின் பொருள். இது கடைத்தெருவுக்குரிய பேச்சன்றோ என்று சிலர் நினைக்கலாம். ஆயின் தமிழ்ப் புலவர்கள் இப்பொருளைக் கடைத்தெருவுக்கு விட்டுவிடவில்லை.

இரு நூல்கள், இரு விதிகள்

மலைபடுகடாம் காட்டும் பேரியாழைக் கூர்ந்து நோக்கினால் அது அண்மையில் செப்பனிடப்பெற்றது என்பது விளங்கும். நரம்புகளின் கரடு நீங்க உருவியிருக்கின்றனர். பத்தரைப் பசையிட்டுப் பொருத்தி, ஆணிகளை இறுக முடுக்கியிருக்கின்றனர். யானைக் கொம்பாலான யாப்பு புதிதாக அமைக்கப்பட்டது. பொன்னிறத் தோலும் புதிதாகப் போர்த்தப்பட்டது. நெடுவழி நடந்து வள்ளலின் முன் நிற்கப்போகும் பாணன், தன் கருவியின் தேய்ந்த உறுப்புகளை மாற்றியே புறப்படுகிறான். புதுப்பித்தலைப் புலவர் மறைக்கவில்லை; சிறப்பாகவே சொல்கிறார்.

மற்றொரு விதியைத் திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் காணலாம். காந்தருவதத்தையார் இலம்பகத்தில் யாழ்ப்போட்டி நிகழ்கிறது. அரங்கில் தரப்பெறும் யாழ்களைச் சீவகன் ஒன்றன்பின் ஒன்றாக விலக்குகிறான். ஒன்று நீரில் நின்று இளகிய மரம். ஒன்று வாள் பட்டுப் புண்ணுற்ற மரம். ஒன்று இடி வீழ்ந்த மரம். நரம்பையும் அவன் விடவில்லை. முறுக்கைப் பிரித்து உள்ளே மறைந்திருந்த மயிரை எடுத்துக் காட்டுகிறான். பழைய பொருளை வாங்கப் புகும் ஒருவனின் கண் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான இலக்கியச் சான்று காண்பது அரிது.

இரண்டையும் இணைத்து நோக்கினால் முழுமையான ஒரு நெறி கிடைக்கிறது. தோல், நரம்பு, யாப்பு, ஆணி ஆகியவை மாற்றத்தக்கவை. அவை பழுதுற்றால் புதுப்பிக்க வேண்டும். மரம் மாற்ற இயலாதது. அது பழுதுற்றால் கருவியையே விலக்க வேண்டும். வாங்குவோன் முதலில் நோக்க வேண்டியது மாற்ற இயலாததையே.

வீணையின் முன்

இந்நெறி இன்றைய தஞ்சாவூர் வீணைக்கும் அப்படியே பொருந்தும். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகளுடன் இவ்வடிவம் நிலைபெற்றது என்பர். 2013ஆம் ஆண்டில் இது புவிசார் குறியீடும் பெற்றது. இதற்குரிய மரம் பலா. கூத்தரின் பைகளைக் காணும்போது புலவர் நினைத்த அதே பலா. குடமும் தண்டியும் ஒரே மரத்தில் குடைந்தெடுக்கப்பட்டால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து இணைத்தால் அது ஒட்டு வீணை. ஒரே மரத்தில் குடைவதற்கு முதிர்ந்த பெருமரம் வேண்டும். அத்தகைய மரம் எளிதில் கிடைக்காததால் பழைய ஏகாண்ட வீணைக்கு மதிப்பு மிகுதி.

பழைய வீணையை வாங்குவோர் யாளி முகத்தையோ பூவேலையையோ முதலில் பார்த்தல் கூடாது. ஒரு கண்ணை மூடித் தண்டியின் நீளத்தை நோக்க வேண்டும். தண்டி வளைந்திருந்தால் எந்த மெட்டும் செவ்வனே பேசாது. குடத்தை விரலால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் நன்று, அடைத்த ஒலி வந்தால் எங்கோ விரிசல் இருக்கலாம். ஓரங்களில் ஒட்டிய பட்டைகளின் அடியில் இணைப்புகள் மறைந்திருக்கலாம். பூச்சி துளைத்த பொடி உதிர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவை மரத்தின் குற்றங்கள். சீவகன் விலக்கிய குற்றங்கள்.

மெட்டில் தந்தி அழுந்திப் பள்ளம் விழுந்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அந்த வீணை நெடுங்காலம் வாசிக்கப்பட்டதற்கு அதுவே சான்று. குதிரையின் மேல்தகடு தேய்ந்து நாதம் மங்கியிருந்தாலும், பிரடைகள் நழுவினாலும், சுரைக்காய் உடைந்திருந்தாலும் கைதேர்ந்த ஆசாரி சரிசெய்துவிடுவார். இவை பாணன் புதுப்பித்த உறுப்புகளைப் போன்றவை.

மெழுகும் பேணலும்

வீணையின் பேணலில் தலையாயது மேளம் கட்டுதல். தேன்மெழுகோடு கரியும் பிறவும் கலந்து தண்டியின் இருபுறமும் வரம்பிட்டு, அதன்மேல் மெட்டுகளைச் செவியால் அளந்து பதிப்பர். மெழுகு வெயிலில் இளகும்; காலப்போக்கில் இறுகி உதிரும். ஆகவே மேளம் என்றென்றைக்கும் நிலைத்திருப்பதன்று. வாசிப்பவரின் செவிக்கேற்ப மீண்டும் மீண்டும் கட்டப்படுவது. தேனுக்குப் பெயர்பெற்ற இம்மலையடியில் இச்செய்தியைச் சொல்வதில் ஒரு நிறைவு உண்டு. வீணையின் சுருதி தேனீயின் உழைப்பின்மேல் நிற்கிறது.

வெயிலும் ஈரமும் படாத இடத்தில், உறையிட்டு வீணையை வைக்க வேண்டும். நெடுநாள் வாசிக்காதிருக்க நேர்ந்தால் தந்திகளைச் சற்றே தளர்த்த வேண்டும். எனினும் வாசித்தலே சிறந்த பேணல். நாள்தோறும் கைபடும் வீணையில் சிறு பழுதும் அன்றே செவிக்குத் தெரிந்துவிடும்.

மேனாட்டுச் சந்தை

மேனாட்டில் பழைய கருவியின் விலை வேறொரு வழியில் அமைகிறது. பாஸ் கித்தார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1970களின் இறுதியிலிருந்து இளையராஜாவின் இசை வழியே தமிழ்ச் செவிகளுக்கு நெருக்கமான கருவி அது. அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் 1951இல் பிரசிஷன் பாஸ் என்னும் மின்கித்தாரை வெளியிட்டார். 1965இல் அவருடைய நிறுவனம் சி.பி.எஸ். நிறுவனத்தின் கைக்கு மாறியது. அம்மாற்றத்துக்கு முற்பட்ட கித்தார்களுக்கு இன்று பெருவிலை. கழுத்து வளைந்திருக்கிறதா, அதனுள் செலுத்திய எஃகுக் கம்பி இன்னும் திருகத்தக்கதா என்று அங்கும் முதலில் பார்ப்பர். சீவகனின் கண் அங்கும் உண்டு. ஆயின் அதன்பின் வழி பிரிகிறது. மேல்வண்ணத்தை மீண்டும் பூசியிருந்தால் விலை பெரிதும் குறையும். உட்கம்பிகளும் திருகாணிகளும் முதன்முதல் பூட்டியவையாகவே இருத்தல் வேண்டும். அங்கே தீண்டப்படாமைக்கு விலை. இங்கே பேணப்பட்டமைக்கு மதிப்பு. வீணையை மேனாட்டுச் சேகரிப்பாளரின் கண்கொண்டு பார்த்தால், புதிதாக மேளம் கட்டியதே குறையாகிவிடும்.

காடும் சட்டமும்

மதிப்பில் காட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. பழைய வீணைகளில் தந்தமும் மான்கொம்பும் அழகுக்காகப் பதிக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இலும் 1991இலும் செய்த திருத்தங்கள் தந்த வணிகத்தைத் தடுத்துவிட்டன. ஆகவே தந்தம் இழைத்த வீணையை விலை பேசுவதற்கு முன் சட்டத்தை அறிந்துகொள்ள வேண்டும். கித்தாரின் விரற்பலகைக்கு உதவிய பிரேசில் நாட்டு ஈட்டிமரத்தின் வணிகத்துக்கும் 1992 முதல் பன்னாட்டுத் தடை உண்டு. 2017இல் ஈட்டி இனங்கள் யாவும் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2019இல் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. யானைக்கும் மரத்துக்கும் கிடைத்த இக்காவலை இசை வாணர் குறைகூறுதல் தகாது. அழகுப் பட்டை இல்லாமலும் வீணை பாடும். காடு இல்லாமல் வீணையே இல்லை.

எஞ்சியது என்ன?

இன்று பல வீடுகளில் பாட்டியின் வீணை மூலையில் கிடக்கிறது. அதை விற்க முற்படும்போது கூடத்தை அழகு செய்ய வாங்குவோர் வருகின்றனர். அவர்கள் யாளிக்கும் பூவேலைக்கும் விலை தருகின்றனர், தண்டியை நோக்குவதில்லை. விலை கிடைக்கிறது, வீணை சுவருக்குப் போகிறது. அடுத்து மேளம் கட்ட அதற்கு ஆளும் வாரார், காரணமும் இராது.

இதன் முடிவு எப்படியிருக்கும் என்பதற்கு யாழே சான்று. பாணன் வழிதோறும் புதுப்பித்த கருவி அது. புதுப்பிக்கும் கைகள் என்றோ ஓய்ந்தன. 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட யாழ் நூலில் விபுலாநந்த அடிகள் அதன் இலக்கணத்தைப் பழைய நூல்களின் சொற்களிலிருந்தே மீட்டெடுக்க வேண்டியிருந்தது. யாழின் குற்றங்களைக் கண்டறியும் வகை தமிழில் இன்றும் உள்ளது. கண்டறிவதற்குச் சங்க காலத்து யாழ் ஒன்றேனும் எஞ்சவில்லை.

கவிஞர் பெருமக்களின் இல்லங்களிலோ உறவினர் இல்லங்களிலோ பழைய வீணை ஒன்று இருக்கக்கூடும். அதை விலை பேசுவதற்கு முன் ஒரு முறை தண்டியை நோக்குக. குடத்தைத் தட்டிக் கேட்க. மரம் நன்றாயிருந்தால் மேளம் கட்டுவோரிடம் கொண்டு செல்க. பின்னர் அதைக் கற்கும் ஒரு பிள்ளையின் மடியில் வைக்க.