நாள்தோறும் பயிலும் தறுகண்மை



அச்சம் எங்கிருந்து பிறக்கிறது என்னும் வினாவைத் தொல்காப்பியர் அன்றே எடுத்துக்கொண்டார். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்த அவர், அவற்றுள் ஒன்றாகிய அச்சத்திற்கு நான்கு நிலைக்களன்களைக் காட்டினார். அணங்கும் விலங்கும் கள்வரும் தமக்கு மேலாகிய இறைவருமே அவை. இன்றைய தமிழன் இந்நான்கனுள் எதற்கு அஞ்சுகிறான்? புலியை அவன் கூண்டில்தான் காண்கிறான். கள்வனுக்குப் பூட்டு இருக்கிறது. அணங்கை நம்புவாரும் பகலில் நம்புவதில்லை. எஞ்சுவது மேலிருப்பார் மாட்டுக் கொண்ட அச்சம் ஒன்றே. அதனொடு, ஆசான் அச்சத்தின்கீழ் எண்ணாத வேறொன்றும் இன்று வந்து ஒட்டிக்கொண்டது. பிறர் நகைப்பாரோ என்னும் அச்சமே அது! எள்ளலை அவர் நகைக்கு நிலைக்களனாக வைத்தார். எள்ளப்படுவோமோ என நடுங்கி ஒருவன் தன் தாய்மொழியையே மறைத்துக்கொள்வான் என்று அவர் எண்ணியிரார்.

எல்லா அச்சமும் இழிவன்று. தீவினையச்சம் என ஒரு பகுதியையே வள்ளுவர் வகுத்தார். தீயன செய்ய அஞ்சுக என்றவரே அவையஞ்சாமையையும் இடுக்கணழியாமையையும் தனித்தனியே வைத்தார். தமிழனோ இதைத் தலைகீழாக்கிக்கொண்டான். கையூட்டு வாங்க அவன் கை நடுங்குவதில்லை. தமிழில் கையொப்பமிடத்தான் நடுங்குகிறது.

ஓர் அலுவலகத்திற்குள் நுழைபவனைப் பாருங்கள். படிவம் தமிழிலும் இருக்கிறது. ஆயினும் மேசைக்கு அப்பால் இருப்பவர் என்ன நினைப்பாரோ என எண்ணுகிறான். நெஞ்சு படபடக்கிறது, நா வறள்கிறது. ஆங்கிலப் படிவத்தை எடுத்துத் தப்பும் தவறுமாக நிரப்புகிறான். உடனே படபடப்பு அடங்கிவிடுகிறது. கேடு அங்கேதான் இருக்கிறது. விலகியதால் கிடைத்த அந்த ஆறுதல், அடுத்த முறையும் விலகு என்று கற்பிக்கிறது. பத்து முறை விலகியவனுக்குப் பதினோராம் முறை அந்த மேசையே மலையாகத் தோன்றும். மாறாக, படபடப்போடேயே தமிழ்ப் படிவத்தை நீட்டியவனுக்கு, அஞ்சியது நிகழவில்லை என்பது கண்கூடாகிறது. அச்சம் நீங்கிய பின்னர்ச் செய்வோம் என்று காத்திருப்பவன் காத்துக்கொண்டேயிருப்பான். செய்யச் செய்யத்தான் அது நீங்கும்.

1938-ஆம் ஆண்டு இதற்குச் சான்று. சென்னை மாநில அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. அவ்வாண்டு ஆகத்து முதல் நாள் திருச்சியிலிருந்து ஏறத்தாழ நூறு பேர் கொண்ட தமிழர் பெரும்படை சென்னை நோக்கி நடந்தது. நாற்பத்திரண்டு நாள் நடை! அப்படையில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் நடந்தார். 1883-இல் பிறந்த அவருக்கு அப்போது அகவை ஐம்பத்தைந்து. பொட்டுக்கட்டும் வழக்கத்தின் கொடுமையை உள்ளிருந்தே அறிந்து, அதனை ஒழிக்க ஊர் ஊராகப் பேசியவர் அவர். 1936-இல் அதனைப் பற்றி ஒரு புதினமும் எழுதினார். ஊரார் ஏச்சைக் கேட்டுக் கேட்டுத் தழும்பேறிய நெஞ்சத்திற்கு நெடுநடை புதிய சுமையன்று. ஒரே நாளில் வந்த துணிவன்று அது. இந்நுட்பத்தை நம் மேடைகள் மறந்துவிடுகின்றன. சிறை புகுந்த நாளை மட்டும் பாடிவிட்டு, அதற்கு முந்திய ஆண்டுகளை விட்டுவிடுகின்றன.

அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 13-ஆம் நாள் சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. மறைமலையடிகளின் மகளார் நீலாம்பிகை அம்மையார் தலைமை ஏற்றார். மறுநாளே தருமாம்பாள் அம்மையாரும் இராமாமிர்தம் அம்மையாரும் வேறு சில பெண்களும் பள்ளி முன் மறியல் செய்து தளைப்பட்டனர். கைக்குழந்தையோடு சிறை சென்ற தாயரும் அப்போராட்டத்தில் உண்டு. அத்தாயர்க்கு அச்சமே இல்லை என்று சொல்வது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும். இடுப்பில் பிள்ளையோடு சிறை வாயிலைக் கண்ட தாய்க்கு அச்சம் இராமலா போகும்? ஆயினும் பக்கத்தில் இன்னொரு பெண் நின்றாள். துணை என்பது அச்சத்தைப் பங்கிட்டுக்கொள்வது.

நடராசன் சிறையில் நோயுற்றார். பொறுத்தருளுமாறு எழுதித் தந்தால் வெளியேறலாம் என்ற நிலையிலும் எழுதித் தரவில்லை. 1939 சனவரி 15-இல் உயிர் துறந்தார். இரு திங்களுக்குள் தாளமுத்துவும் மறைந்தார். 1940 பிப்பிரவரியில் கட்டாய இந்தி ஆணை திரும்பப் பெறப்பட்டது.

இத்தகைய ஈகம் எல்லாரிடத்தும் கேட்கப்படுவதில்லை. கேட்கப்படுவது மிகச் சிறிது: தலைப்பெழுத்தைத் தமிழில் இடுவது, பிள்ளைக்குத் தமிழ்ப்பெயர் சூட்டுவது, திருமண அழைப்பைத் தமிழில் அச்சிடுவது, கடைப்பலகையை மாற்றுவது. இவற்றுள் எளிய ஒன்றை முதலிற் பற்றிக்கொண்டு, அது இயல்பான பின் அடுத்ததற்குச் செல்வதே முறை. தொல்காப்பியர் பெருமிதத்திற்குக் காட்டிய நான்கு நிலைக்களன்களுள் தறுகண்மைக்கு முன்னே கல்வியை வைத்தார். ஆகவே நகைப்பவனுக்கு விடையிறுக்கச் சொற்பொருள் தெரிந்திருக்க வேண்டும். வெறும் உரத்த குரல் இரண்டாம் கேள்வியில் அடங்கிவிடும்.

ஒன்றைக் கசப்பாயினும் சொல்லியாக வேண்டும். தமிழ் மன்றங்களிலேயே, புதிதாக வந்த இளைஞன் ஒருவன் வாய்தவறி வடசொல் ஒன்றைச் சொல்லிவிட்டால், முன்வரிசையிலிருந்து நகைப்பொலி எழுகிறது. அவன் அடுத்த கூட்டத்திற்கு வருவதில்லை. எள்ளலுக்கு அஞ்சாதே என்று கற்பிக்கும் அவையே எள்ளினால், அவ்விளைஞன் வேறெங்கே சென்று பழகுவான்? 1916-இல் வேதாசலம் மறைமலை ஆனாரே, அடிகளும் அதற்கு முன் எழுதிய நூல்களில் வடசொற்களைக் கலந்தவர்தாமே! திருத்துவோர் கூட்டம் கலைந்த பின் தோளில் கை வைத்துத் திருத்துக.

அஞ்சலகத்தில் தமிழில் நிரப்பிய படிவத்தை முதன்முறை நீட்டும்போது விரல் சிறிது நடுங்கத்தான் செய்யும். உள்ளே இருப்பவர் அதனை வாங்கிப் பார்ப்பார். எழுத்துப் புரியவில்லையெனில் ஒருமுறை கேட்பார். முத்திரையைக் குத்திவிட்டு, பின்னால் நிற்பவரை அழைப்பார்.