விற்காத கூடைக்கும் விலை உண்டு

(பட்டிமன்றத் தலைப்பு: வீட்டிலே செய்யும் கைவேலை பெரிதும் உதவுவது வருமானத்திற்கா? மனநிறைவிற்கா? ‘மனநிறைவிற்கே’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் எதிரணித் தலைவர் பிரமாதமாகப் பேசினார். ஒரு ஒயர் கூடை பின்ன ஒயருக்கு எவ்வளவு, எத்தனை நாள் கூலி, கடையில் என்ன விலைக்குப் போகும் என்று கணக்குப் போட்டு, கடைசியில் “இது நஷ்டம்” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். நடுவர் ஐயா, உங்க வேலையையும் சேர்த்தே பார்த்துட்டார், ஜாக்கிரதை! (சிரிப்பு)

நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்களே, அதற்கு என்ன கூலி? மார்கழிக் குளிரில் குனிந்து, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா என்று மனசிலேயே எண்ணி, ஒரு சிக்குக் கோலம் போட்டு நிமிர்வதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரத்தில் பால்காரர் சைக்கிள் அதன் மேலேயே ஏறிப் போகும். “ஐயோ போச்சே” என்று அந்த அம்மா அழுகிறாரா? இல்லையே! “நாளைக்கு வேற கோலம்” என்று உள்ளே போகிறார். அழியப் போகிறது என்று தெரிந்தே செய்கிற வேலைக்கு எந்த நோட்டில், எந்தப் பக்கத்தில் வரவு எழுதுவீர்கள்?

ஏன் செய்கிறார் தெரியுமா? அன்றைக்குப் பூரா அவர் செய்யும் வேலை எல்லாம் மற்றவர்கள் சொன்ன வேலை. பையனுக்கு இட்லி வேணும், வீட்டுக்காரருக்குச் சட்டை தேய்க்கணும், மாமியாருக்குக் கஞ்சி வைக்கணும். எத்தனை புள்ளி வைப்பது, எங்கே வளைப்பது, எங்கே முடிப்பது என்று அவராகவே தீர்மானிக்கிற ஒரே இடம் அந்த வாசல்தான். அங்கே அவர்தான் முதலாளி! (கைதட்டல்)

அதில் அறிவு இல்லையா? சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, தம் துணைவியார் ராணி சிரோமணியோடும் கமலா கிருதிவாசனோடும் சேர்ந்து, 1974-இல் கோலத்தைப் பற்றி ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். பேச்சுக்கு இலக்கணம் இருப்பதுபோல, கோலம் எப்படி வளர்கிறது என்பதற்கும் கணினி வழியில் ஓர் இலக்கணம் எழுதலாம் என்று காட்டினார்கள். கம்ப்யூட்டர்க்காரர்கள் வந்து படித்த பாடத்தை நம்ம வீட்டு அம்மா அரிசிமாவை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு தினமும் போட்டுக்கொண்டிருக்கிறார். சம்பளம்? பூஜ்யம். அதுவும் ஒரு புள்ளிதான்! (சிரிப்பு)

சரி, பாகூர்ப் பக்கம் வருவோம். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கின மண். நெல் விளையும் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. அறுவடை முடிந்ததும் நல்ல கதிராகப் பார்த்து எடுத்து, தாளோடு பின்னி, குஞ்சமாக வாசலில் கட்டித் தொங்கவிடுவார்கள். பார்க்க அழகு, தொட்டால் சலசல என்று ஒரு சத்தம். அதற்கு வாடிக்கையாளர் யார்? சிட்டுக்குருவி! காசும் கிடையாது, கடனும் கிடையாது, கொத்திக்கொண்டு போய்விடும். கதிரைத் தூக்கி மூட்டையில் போட்டால் ரெண்டு பிடி நெல் கூடுதலாக வரும். ஆனால் அந்த வீட்டுக்காரர் மூட்டையில் போடவில்லை, வாசலில் கட்டினார். விளைந்த சந்தோஷத்தை எப்படியாவது சொல்லணும். சொல்ல வார்த்தை வரலை, கை சொல்லுது. இதைத்தான் மனநிறைவு என்கிறோம்.

இப்போது எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். “வில்லியனூர் சுடுமண் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் கிடைத்திருக்கிறது. புதுச்சேரி சுடுமண் கலைஞர் வி.கே.முனுசாமி அவர்களுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். இதெல்லாம் தொழிலுக்குக் கிடைத்த மரியாதை இல்லையா?” என்று கேட்டார்கள். நூற்றுக்கு நூறு உண்மை. அந்தக் கலைஞர்களுக்கு அது சோறு. அந்தச் சோற்றை நான் குறைத்துப் பேசவே மாட்டேன்.

ஆனால் நண்பரே, அந்தப் பொம்மையை வாங்குவது யார்? அதை யோசித்தீர்களா?

சந்தையில் ஒருத்தர் வருகிறார். பொம்மையைத் தூக்கிப் பார்க்கிறார். “என்னப்பா, வெறும் மண்ணுக்கு இவ்வளவு விலையா? பாதிக்குக் குடு” என்கிறார். அவர் கெட்டவர் இல்லீங்க. வாழ்நாளில் ஒரு தடவைகூட மண்ணைப் பிசைந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்!

இன்னொரு அம்மா வருகிறார். பிள்ளையார் சதுர்த்திக்குப் பேரப்பிள்ளையோடு உட்கார்ந்து களிமண்ணில் பிள்ளையார் பிடித்துப் பார்த்தவர். தும்பிக்கை மூணு தரம் கழன்று விழுந்திருக்கும். தண்ணீர் கூடினால் வயிறு சரியும், குறைந்தால் காது வெடிக்கும். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முதலில் சுருங்கி உள்பக்கம் ஈரமாகவே இருக்க, நெற்றியில் கோடு மாதிரி விரிசல் விழும். அதற்காகத்தான் குயவர் நிழலில் உலர்த்துகிறார் என்று அப்போது புரியும். மண்ணைக் கல் பொறுக்கி, மணல் கலந்து, காற்று இல்லாமல் மிதித்துப் பிசையாவிட்டால் சூளையில் உடைந்துபோகும் என்று சொன்னாலும் புரியும். அந்த அம்மா பொம்மையைத் தூக்கிப் பார்த்தால் பேரம் பேச வாய் வராது. “எப்படிங்க இந்த விரலைச் செஞ்சீங்க?” என்றுதான் கேட்பார்.

நடுவர் அவர்களே, என் அணியின் வாதமே இதுதான். வீட்டில் சும்மா செய்து பார்க்கிற கைதான், தொழிலாகச் செய்கிற கையின் அருமையை அறியும். வீட்டுக்கை மறந்து போச்சுன்னா, சந்தையில் கலைஞருக்கு நியாய விலை குடுக்க ஆளே இருக்காது. வருமானமே மனநிறைவின் தோளில்தான் உட்கார்ந்திருக்கிறது! (பலத்த கைதட்டல்)

திருக்கனூர்ப் பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம பாட்டிமார் பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து உரலில் அரைத்து, முறத்துக்கும் கூடைக்கும் பூசுவார்களே, ஓட்டை அடையும், வருஷக்கணக்கில் உழைக்கும். அந்தக் கூழுக்கும் பொம்மை செய்யும் கூழுக்கும் சொந்தம் உண்டு. தெருவெல்லாம் தெரிந்த வேலையிலிருந்துதான் ஒரு ஊரின் பெயர் சொல்லும் கலை எழுகிறது.

எதிரணி அம்மையார் அரிக்கமேட்டைக் காட்டினார். 1945-இல் வீலர் அங்கே அகழாய்வு செய்தார், ரோமாபுரி வணிகத்தின் தடயங்கள் கிடைத்தன, மணி செய்து விற்ற ஊர் அது என்றார். சரிதாம்மா. கப்பல் வருவது நின்றது. அங்கே பட்டறையும் நின்றது. இன்றைக்கு மேடுதான் இருக்கிறது. யாருக்கும் விற்காத கோலம் இன்று காலையும் அதே ஊர் வாசலில் விழுந்திருக்கிறது. சந்தையை நம்பினது சந்தையோடு போச்சு. மனசை நம்பினது விடிஞ்சா வருது!

கடைசியாக ஒன்று. ஒரு பெண் ஆசையாகச் சிவன்கண் கூடையோ நெல்லிக்காய்க் கூடையோ பின்னிக்கொண்டிருக்கும். நாம் போய் முதலில் கேட்பது என்ன? “எவ்வளவுக்குப் போகும்?” அந்த ஒரு கேள்வியில் அது முகம் சுருங்கிவிடும். விற்றால்தான் மதிப்பு, விற்காவிட்டால் வெட்டிவேலை என்று நாமே சொல்லிக் கொடுக்கிறோம். அடுத்த வாரம் பாதிக் கூடை பரணில் கிடக்கும், பொண்ணு செல்போனில் கிடக்கும். நஷ்டம் ஒயரில் இல்லை ஐயா, அந்தப் பரணில் இருக்கிறது. விற்க நினைத்தால் விற்கட்டும், வாழ்த்துவோம். ஆனால் முதல் கேள்வியை மட்டும் மாற்றுவோம். “எவ்வளவு?” என்று கேட்காமல், “இந்த முடிச்சை எப்படிப் போட்டே, எனக்கும் காட்டு” என்று பக்கத்தில் உட்காருவோம். ஆம்பளைங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், உங்களுக்கும் பத்து விரல்தானே! (சிரிப்பு)

வேலைக்குக் கூலி வேண்டும், மறுக்கவில்லை. மனசுக்குக் கூலி கொடுப்பது யார்? நம் கையே கொடுக்கிறது. ஆகவே வீட்டிலே செய்யும் கைவேலை பெரிதும் உதவுவது மனநிறைவிற்கே என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள் நடுவர் அவர்களே என்று கேட்டு விடைபெறுகிறேன்.