யாருடைய நடையை அளந்தோம்?

பாலினமும் நகரமைப்பும் குறித்த இக்கருத்தரங்கைத் தமிழிலேயே நடத்த முன்வந்த துறையினருக்கு என் நன்றி.

1980இல் அமெரிக்க நகர வரலாற்றாய்வாளர் டொலோரஸ் ஹேடன் ஒரு கட்டுரை எழுதினார். கணவன் வேலைக்குப் போவான், மனைவி வீட்டில் இருப்பாள் என்ற நினைப்பில் எழுந்தவை அந்நாட்டுப் புறநகர் வீடுகள். பெண்களும் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு அந்த வீடுகளே அவர்களுக்குச் சுமையாயின என்று அதில் காட்டினார். நம் துறைக்கு அது ஒரு தொடக்கம்.

அந்தச் சிந்தனையை நடைமுறைக்குக் கொண்டுவந்த நகரங்களில் முதலில் சொல்ல வேண்டியது வியன்னா. பொதுவெளி யாருக்குச் சொந்தம் என்று கேட்டு, 1991இல் அங்கே பெண்களின் அன்றாட வாழ்வைப் படம்பிடித்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதற்குக் காரணமானவர்களுள் ஒருவர் நகரமைப்பாளர் ஏவா கைல். அடுத்த ஆண்டே மாநகராட்சி பெண்களுக்கென ஓர் அலுவலகம் திறந்தது. பின்னர் பெண் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த 357 வீடுகள் கொண்ட குடியிருப்பு எழுந்தது. வளாகத்திலேயே மழலையர் பள்ளி. தளந்தோறும் குழந்தை வண்டி நிறுத்த இடம். பகல் வெளிச்சம் விழும் படிக்கட்டு. பூங்காக்களையும் ஆராய்ந்தார்கள். ஒன்பது வயதைக் கடந்த சிறுமிகள் பூங்காவுக்கு வருவது குறைந்துபோவதும், சிறுவர்கள் தொடர்ந்து வருவதும் தெரியவந்தன. பந்தாடும் கூண்டே பூங்காவாக இருந்தால் சிறுமி எங்கே நிற்பாள்? 1999இல் இரண்டு பூங்காக்களைப் பல சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், நடைபாதைகளைச் சேர்த்தார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள்.

இனி நம் ஊர். 2000ஆம் ஆண்டு முதல் சென்னையின் ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகரில் குடியேற்றினார்கள். அவர்களில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஏராளம். காலையில் இரண்டு வீடு, மாலையில் ஒரு வீடு; நடுவே தன் வீட்டுக்கு வந்து உலை வைத்து, பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்பலாம். வேலை பார்த்த தெரு நடக்கும் தூரத்தில் இருந்தவரை அது முடிந்தது. நகரின் தென்கோடிக்குப் போனதும் அந்த மத்தியானம் அறுந்தது, பலருக்கு வேலையும் போனது. ஒதுக்கீட்டுக் கோப்பில் வீட்டின் சதுர அடி இருந்தது. இந்த நடை இல்லை. இதைத் திட்டத்தின் சிறு குறை என்று நான் ஏற்கமாட்டேன்; திட்டமே தவறு.

2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மனமார வரவேற்கிறேன். ஆனால் நிறுத்தம் வரை போவது எப்படி? நடைபாதையில் தடையின்றி 1.8 மீட்டர் அகலம் வேண்டும், அதன் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியச் சாலைப் பேராயத்தின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி. நம் தெருக்களிலோ மின்பெட்டி பாதி வழியை அடைக்கிறது, நிறுத்திய பைக் மீதியை. இடுப்பில் குழந்தையும் கையில் ரேஷன் பையுமாக வருபவர் சேலையைத் தூக்கிப் பிடித்து உயரமான நடைபாதையில் ஏறுவதற்குப் பதில் சாலையிலேயே இறங்கி நடக்கிறார், பின்னால் லாரி வரும்போதும்.

நம் போக்குவரத்துக் கணக்கெடுப்புகள் வீட்டிலிருந்து அலுவலகம் போகும் ஒற்றைப் பயணத்தையே பெரிதாக எண்ணுகின்றன. பள்ளி, ரேஷன் கடை, மருத்துவமனை, வேலை என்று சங்கிலியாகப் போகும் நடை அவற்றில் கரைந்துவிடுகிறது.

சென்னைப் பெருநகருக்கு மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிறது. ஆய்வாளர்களே, இங்கே படிக்கப்போகும் கட்டுரைகளோடு, உங்கள் பகுதிப் பெண் ஒருவரின் ஒருநாள் நடையை நேரத்தோடும் தூரத்தோடும் எழுதித் தாருங்கள். அவற்றைத் தொகுத்து, இக்கருத்தரங்கின் தீர்மானத்தோடு பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு அனுப்புவோம். நிறைவு அமர்வுக்குள் தீர்மானத்தை எழுதி முடியுங்கள். முதல் கையெழுத்தை நான் இடுகிறேன்.