தீமையில் பங்குகொள்ளும் அரசு



தன் வீட்டுக்குத் தானே தீ வைத்துக்கொள்பவனை உலகம் பித்தன் என்று சொல்லும். அவன் கையில் தீப்பந்தத்தை விலைக்குக் கொடுத்துவிட்டு, விற்ற காசில் ஒரு குடம் நீர் வாங்கிவந்து, எரிகின்ற கூரைமேல் தெளிப்பவனை என்னவென்று சொல்வது? சூதுக்கும் குடிக்கும் உரிமம் தந்து, அவற்றால் வரும் வருவாயைக் கொண்டே ஏழைக்கு நலத்திட்டம் நடத்துகின்ற அரசுகளின் நிலை இதுதான். இவ்வுரையின் பொருளும் இதுதான்.

முதற்கண் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். 'சட்டம் இசைவு தந்துவிட்டது. எனவே இதில் குற்றம் ஏதும் இல்லை' என்று பலரும் கூறுகின்றனர். குற்றமன்று என்பது சட்டத்தின் சொல். தீதன்று என்பது அறத்தின் சொல். இவ்விரண்டும் ஒன்றல்ல. நேற்றுவரை குற்றமாக இருந்த ஒன்று, ஓர் ஆணையால் இன்று குற்றமற்றதாகலாம். ஆனால் நேற்று குடலை அரித்த சாராயம் அந்த ஆணையால் இன்று பாலாகிவிடாது. நேற்று தாலியை அடகு வைக்கச் செய்த சூது இன்று உழவாகிவிடாது.

ஒரு தீமையின் முன்னே அரசு மூன்று நிலைகளில் நிற்கக்கூடும். அதனைத் தடுப்பது ஒரு நிலை. முற்றும் தடுக்க இயலாதபோது, எல்லை வகுத்துப் பொறுத்துக்கொள்வது இரண்டாம் நிலை. அத்தீமையின் ஊதியத்தாலேயே தான் பிழைப்பது மூன்றாம் நிலை. முதல் இரண்டில் எது சிறந்தது என்று அறிவுடையோர் வேறுபடலாம். மூன்றாம் நிலையோ எந்த அறநூலாலும் ஏற்கப்படாதது. பொறுத்துக்கொள்ளும் அரசு, தீமை குறைந்தால் மகிழும். பிழைக்கும் அரசோ, தீமை குறைந்தால் வரவு செலவுத் திட்டத்தில் துண்டு விழுகிறதே என்று கவலைப்படும். வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

இது புதிய வழக்கன்று, பழைய வழக்கே. கவுடலியரின் பொருள்நூல் சூதுக்கென ஒரு கண்காணியை அமர்த்துகின்றது. சூது ஓரிடத்திலேயே நடைபெற வேண்டும். காயை அவனே வாடகைக்குத் தர வேண்டும். வென்றவன் பெற்ற பொருளில் நூற்றுக்கு ஐந்து அவன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்நூலின் முறை. ஒளிந்து வாழும் கள்வரைக் கண்டுபிடிக்க இது துணையாகும் என்று அதற்குக் கரணியமும் சொல்லப்பட்டுள்ளது. கள்ளுக்கும் அந்நூலில் தனிக் கண்காணி உண்டு.

திருவள்ளுவர் இந்த வழியில் செல்லவில்லை. பொருட்பாலில் கள்ளுண்ணாமையைத் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரமாகவும், சூதினைத் தொண்ணூற்று நான்காம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். பொருட்பால் அரசியலைக் கூறும் பகுதி. அரசன் பொருளீட்டும் வழிகளையும் அவர் மறந்தாரல்லர். உரியவர் இன்றி வந்து சேரும் பொருள், சுங்கம், பகைவர் தரும் திறை ஆகியவற்றை அரசனுக்குரிய வருவாயாகப் பொருள் செயல்வகை என்னும் அதிகாரத்தில் வரிசைப்படுத்துகின்றார். அந்த வரிசையில் கள்ளின் வரியும் இல்லை. சூதின் பங்கும் இல்லை. இரக்கமும் பரிவும் கலவாது வந்து சேரும் செல்வத்தைத் தள்ளிவிட வேண்டும் என்று அதே அதிகாரத்தில் அறிவுறுத்துகின்றார். குடிப்பவனையும் சூதாடுபவனையும் மட்டுமே அவர் கடிந்தார் என்று எண்ணிவிடலாகாது. எப்பொருளைக் கருவூலத்தில் சேர்க்கலாகாது என்று அரசனுக்கும் அவர் எல்லை கட்டினார்.

இனி அண்மைக்கால வரலாற்றைப் பார்த்தல் வேண்டும். 1937 அக்தோபர் முதல் நாளில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அப்போது சென்னை மாகாணத்தின் தலைமையமைச்சர் இராசகோபாலாச்சாரியார். கள்ளுக்கடை வருவாய் நின்றுபோகுமே, அதற்கு ஈடு என்ன என்னும் வினா எழுந்தது. அவ்விழப்பை ஈடுகட்டவே 1939இல் விற்பனை வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. பெருமக்கள் இதனை நன்கு நினைவில் கொள்ளல் வேண்டும். 'எங்கள் பிள்ளைகள் குடிகாரர் ஆகாதிருக்கட்டும். அதற்காக உப்புக்கும் புளிக்கும் துணிக்கும் நாங்கள் வரி தருகிறோம்' என்று மக்களுக்கும் அரசுக்கும் இடையே எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் அன்று ஏற்பட்டது என்றே கொள்ளலாம்.

அந்த ஒப்பந்தத்தை உடைத்தவர் மக்களல்லர். 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974இல் மீண்டும் வந்தது. 1981இல் கடைகள் மீண்டும் திறந்தன. 1983இல் டாசுமாக்கு என மக்கள் வழங்கும் தமிழ்நாடு மாநில வாணிகக் கழகம் மொத்த விற்பனைக்கென அமைந்தது. கள்ளின் வருவாய் திரும்பிவந்தது. அதற்கு ஈடாக வந்த விற்பனை வரி திரும்பிப் போயிற்றா? இல்லை. பெயர் மாறி, உரு மாறி, அதுவும் தொடர்ந்தது. மக்கள் ஒரு கையால் வரியும் மறு கையால் குடியின் விலையும் தரலாயினர்.

பரிசுச்சீட்டின் வரலாறும் அத்தகையதே. 1967இல் கேரள அரசு பரிசுச்சீட்டுத் துறையை அமைத்தது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டு அரசும் பரிசுச்சீட்டை வெளியிட்டது. பரிசு விழுந்தால் வீட்டுக்கு நலம், விழாவிட்டால் நாட்டுக்கு நலம் என்பதாக அது மக்களுக்கு எடுத்துச் சொல்லப்பட்டது. கேட்பதற்கு இனியதாகத்தான் இருந்தது. ஆனால் எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு வருவது பல நூறாயிரம் சீட்டில் ஒன்று. மற்றை வீடுகளிலிருந்து போனது அன்றைய அரிசிக் காசு. வீட்டில் இழந்ததை நாட்டில் பெறலாம் என்றால், வீடுகள் இல்லாத நாடு எங்கே இருக்கின்றது? எத்தனையோ இல்லங்கள் சீரழிந்த பின்னர், 2003 சனவரியில் தமிழ்நாட்டில் பரிசுச்சீட்டு விற்பனை தடுக்கப்பட்டது. அது நல்ல செயல். ஆனால் அதே 2003ஆம் ஆண்டு நவம்பரில், மதுவின் சில்லறை விற்பனையையும் அரசின் வாணிகக் கழகமே மேற்கொண்டது. ஏழையின் இல்லத்தைக் காப்பதற்கென ஆண்டின் தொடக்கத்தில் ஒரு கதவை அடைத்த கை, அவ்வாண்டின் முடிவில் தானே மற்றொரு கதவைத் திறந்து வைத்து, கல்லாவிலும் உட்கார்ந்தது. சீட்டுக்குச் சொன்ன ஞாயம் சாராயத்துக்கு ஏன் பொருந்தவில்லை?

2023–24ஆம் ஆண்டில் மதுவால் தமிழ்நாட்டரசு பெற்ற வருவாய் 45,000 கோடி உருபாவுக்கும் மேல். 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின், மாநிலங்கள் தாமே வரி வகுக்கும் உரிமையைப் பெரிதும் இழந்தன. அவ்வரிக்குள் அடங்காமல் மாநிலத்தின் கையில் எஞ்சியவற்றுள் குடிக்கும் மது ஒன்று, கன்னெய் மற்றொன்று. மாநிலங்கள் மதுவை விடாது பற்றிக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு கரணியம். வரியுரிமையை இழந்த மாநிலம் தன் மக்களின் குடலில் வரி தண்டுகின்றது. இவ்விழப்பு பிழையைப் புரிந்துகொள்ள உதவும். பிழையை ஞாயமாக்க உதவாது.

இணையவழிச் சூது இக்காலத்தின் புதிய கேடு. சூதாட முன்பு ஒரு மறைவிடம் தேடிப் போக வேண்டும். போகும் வழியில் நாணம் தடுக்கும். இன்று சூதுக்களம் சட்டைப் பையில் இருக்கின்றது. கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டோர் செய்திகள் பெருகவே, 2021இல் தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்தது. அவ்வாண்டு ஆகத்தில் சென்னை உயர் வழக்குமன்றம் அதனைச் செல்லாதென்றது. ஓய்வுபெற்ற நடுவர் சந்துரு தலைமையிலான குழு ஆராய்ந்து கூறிய பின், 2022 அக்தோபரில் சட்டமன்றம் மீண்டும் சட்டவரைவை நிறைவேற்றியது. ஆளுநர் அதனைத் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்றப்பட்டு, ஏப்பிரலில் இசைவு பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் உயர் வழக்குமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் இரம்மியும் போக்கரும் திறன் சார்ந்த ஆட்டங்கள் என்று அவற்றைத் தடையினின்று விலக்கியது. 2025 ஆகத்தில் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுக்க நடுவணரசும் சட்டம் இயற்றியது. ஆனால் அதற்கு முன்னர், 2023 அக்தோபரிலிருந்து, அதே ஆட்டங்களில் வைக்கப்பட்ட பணத்தின்மேல் நூற்றுக்கு 28 என வரி தண்டியதும் நடுவணரசின் சட்டமே.

'திறன்' என்னும் சொல்லைச் சற்று உற்றுநோக்க வேண்டும். இரம்மி பெரிதும் திறன் சார்ந்தது என்று 1967இல் உச்ச வழக்குமன்றம் கூறியது. 1974இல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தபோது, அப்பந்தயமும் திறன் சார்ந்ததே என்று 1996இல் அம்மன்றம் முடிவு செய்தது. சட்டத்தின் கண்ணுக்கு அது சரியாகலாம். கணக்கின் கண்ணுக்கு எப்படி? இருவர் நூறு நூறு உருபா வைத்து ஆடுகின்றனர் என்று கொள்க. நடத்துபவன் ஒவ்வோர் ஆட்டத்திலும் பத்தில் ஒரு பங்கு எடுக்கின்றான் என்க. முதல் ஆட்டம் முடிந்ததும் 200 உருபா 180 ஆகும். எஞ்சியதையே மீண்டும் வைத்தால் 162 ஆகும். ஏழாம் ஆட்டத்தின் முடிவில் 96 உருபாகூட எஞ்சாது. ஆடிய இருவரும் எவ்வளவு திறமுடையவராயினும், பாதிக்கு மேல் நடத்துபவன் பைக்குள் போயிற்று. வென்றவன், தோற்றவனிடமிருந்து மிச்சத்தைப் பெற்றான், அவ்வளவே. திறன் யார் முதலில் வெறுங்கையனாவது என்பதைத் தீர்மானிக்கும்; இருவர் பணமும் கரைவதைத் தடுக்காது. கவுடலியரின் நூற்றுக்கு ஐந்தும் இவ்வாறுதான் வேலை செய்தது.

இனி, எதிர்க் கூற்றுகளுக்கு விடை காண்போர் மூன்றினை எண்ண வேண்டும்.

'கடையை அடைத்தால் கள்ளச் சாராயம் பெருகும்' என்பது ஒன்று. இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2016 முதல் மதுவிலக்குள்ள பீகாரில், 2022 திசம்பரில் சாரண் மாவட்டத்தில் நச்சுச் சாராயம் பலரைக் கொன்றது. ஆனால் ஊர்தோறும் அரசுக் கடைகள் திறந்திருந்த தமிழ்நாட்டில், 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் நச்சுச் சாராயத்தால் மாண்டனரே! அடைத்த நாட்டிலும் சாவு. திறந்த நாட்டிலும் சாவு. எனவே கள்ளச் சாராயத்தை ஒழிப்பது காவலின் நேர்மையே அன்றிக் கடையின் எண்ணிக்கையன்று.

'குடிப்பதும் ஆடுவதும் தனி மாந்தன் உரிமை' என்பது மற்றொன்று. உரிமை என்பது தெளிந்த அறிவோடு தேர்ந்துகொள்வது. முதற் கோப்பையை ஒருவன் தேர்ந்துகொள்கிறான். ஆயிரமாவது கோப்பை அவனைத் தேர்ந்துகொள்கிறது. மேலும், அவன் கூலியில் மனைவிக்கும் மக்களுக்கும் பங்குண்டு. அவர்கள் இசைவை யாரும் கேட்கவில்லை. அப்படியே தனி மாந்தன் உரிமை என்று ஒப்பினாலும், அது அவன் குடிப்பதற்கு ஞாயமாகலாமே அன்றி, அரசு விற்பதற்கு ஞாயமாகாது.

'இவ்வருவாய் இன்றேல் நலத்திட்டங்கள் நிற்கும்' என்பது மூன்றாவது. கூலியாள் ஒருவன் நாள்தோறும் நூற்றைம்பது உருபாவைக் கடையில் கொடுத்தால், ஆண்டுக்கு ஐம்பதினாயிரத்தைத் தாண்டும். அவன் மனைவிக்குத் திங்கள்தோறும் ஆயிரம் உருபா தந்தால், ஆண்டுக்குப் பன்னீராயிரம். கணவனிடம் வாங்கி மனைவியிடம் கொடுப்பதற்கு நலத்திட்டம் என்று பெயர் சூட்டலாம். ஆனால் நடுவே அவன் ஈரல் போயிற்று. அவள் அமைதி போயிற்று. பிள்ளையின் படிப்புப் போயிற்று. இவற்றை எந்தக் கணக்கர் எந்த ஏட்டில் எழுதுவார்?

அப்படியானால் செய்ய வேண்டுவது என்ன? ஒரே இரவில் எல்லாக் கடைகளையும் பூட்டிவிட்டுப் புகழ் தேடுவதன்று. 1971க்கும் 1981க்கும் இடையில் பூட்டியும் திறந்தும் கண்ட பயனை நாடு அறியும். அரசு முதலில் தன்னைத்தானே இவ்வருவாயினின்று விடுவித்துக்கொள்ள வேண்டும். வரவு செலவுத் திட்டத்தில் குடிப்பணத்தின் பங்கு ஆண்டுதோறும் இவ்வளவு குறையும் என்று சட்டமன்றத்தில் உறுதி கூற வேண்டும். குறையும் அளவுக்குக் கடைகளும் குறைய வேண்டும். அவ்வருவாய் உள்ள வரையில், அதனைக் குடிநோயர் மீட்புக்கும், குடியால் நலிந்த இல்லங்களுக்கும் முதலில் செலவிட வேண்டும். ஈடு வேறு வழியில் வேண்டுமெனில், 1939இல் செய்தது போல மக்களிடம் வெளிப்படையாகக் கேட்கலாம். அன்று மக்கள் மறுக்கவில்லை. நடுவணரசிடம் இழந்த வரியுரிமையையும் வலியுறுத்திக் கேட்கலாம். குடிகாரனிடம் மறைவாகப் பறிப்பதினும் அவை நேரிய வழிகள்.

தமிழ்ப் பெருமக்களே! மக்கள் தம் அரசினைத் தாய் என்றும் தந்தை என்றும் சொல்வர். மகன் குடித்துக் கெட்டால் அழுகின்ற தாயைக் காணலாம். அடிக்கின்ற தந்தையையும் காணலாம். மகனுக்குத் தானே ஊற்றிக்கொடுத்து, அவன் மடியிலிருந்து காசை எண்ணி எடுத்து, அக்காசில் அவன் பிள்ளைக்கு ஒரு சட்டை தைத்துத் தரும் தந்தையை எங்கேனும் கண்டதுண்டா? அத்தகைய தந்தையின் கையிலிருந்து சட்டையை வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல வேண்டிய நிலை அந்தப் பிள்ளைக்கு வரலாகாது. வாக்குக் கேட்டு வாயிலில் வந்து நிற்போரிடம், எத்தனை ஆண்டில் இக்கருவூலம் குடிப்பணமின்றி நிற்கும் என்னும் ஒரே ஒரு வினாவை ஒவ்வோர் இல்லமும் எழுப்புமாயின், விடை சொல்லாமல் எவரும் கடந்து போக இயலாது.