மூன்றரை வட்டிக்குச் சம்மதமா?



நூற்றுக்கு மாதம் மூன்றரை ரூபாய் வட்டி. இந்தக் கணக்கில் யாராவது உங்களுக்குக் கடன் தர வந்தால் என்ன சொல்வீர்கள்? "ஆளை விடுங்க சாமி" என்றுதானே? நம் ஊர்ப் பக்கம் இரண்டு வட்டிக்கு வாங்குவதென்றாலே வீட்டில் ஒரு வாரம் பேச்சு ஓடும். மூன்று வட்டிக்குப் போகிறார்கள் என்றால் ஆஸ்பத்திரிச் செலவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டக் கடைசி நாளாக இருக்க வேண்டும். ஆனால் அதே மூன்றரை வட்டிக்கு ஷூ வாங்குகிறவர்களும், பிரியாணி வரவழைக்கிறவர்களும், கோவா போய் வருகிறவர்களும் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவ்வளவு வட்டி என்று தெரிந்து செய்கிறார்களா என்றால், இல்லை. கிரெடிட் கார்டைத்தான் சொல்கிறேன்.

கார்டில் பாக்கி வைத்தால் பல வங்கிகள் போடும் வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. சில வங்கிகளில் 3.75. வருடக் கணக்கில் 42 முதல் 45 சதவீதம். அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. 30 சதவீதத்துக்கு மேல் போடுவது முறையற்ற வணிகம் என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. வங்கிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. கந்து வட்டி, மீட்டர் வட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. பிளாஸ்டிக் அட்டையில் வருகிற வட்டியை மட்டும் நாம் வட்டியாகவே நினைப்பதில்லை.

விருதுநகர் பக்கம் ஒரு வீட்டில் நடந்த பேச்சு இது. பையன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். கையில் வருவது 24,000. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவனிடம் அத்தை கேட்கிறார். அந்த அம்மா மகளிர் குழுவில் பத்து வருடமாகக் கணக்கு நோட்டு எழுதுகிறவர்.

"கார்டுல எவ்வளவுடா பாக்கி?"

"நாப்பதாயிரம் இருக்கும் அத்தை. ஒண்ணும் பிரச்சினை இல்ல, மாசாமாசம் மினிமம் கட்டிடுறேன்."

"வட்டி?"

"மினிமம் கட்டினா வட்டி கிடையாது அத்தை."

அந்த அம்மா ஃபோனை வாங்கினார். பில்லின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் மொத்தத் தொகை, பக்கத்தில் இன்னொரு கட்டத்தில் 'மினிமம் டியூ', கீழே கெடு தேதி. விரலால் தள்ளித் தள்ளி நாலாவது பக்கத்துக்குப் போனார். பொடி எழுத்தில் இருந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தார். "நூத்துக்கு மூணரை ரூபான்னு போட்டிருக்கேடா. எங்க குழுவுல ஒரு ரூபா வட்டிக்கே அத்தனை சத்தம் வரும்!"

அந்தப் பையன் நம்பியதைத்தான் பலரும் நம்புகிறார்கள். குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முழுத் தொகையையும் கட்டுகிறவருக்கு மட்டுமே கார்டில் 45, 50 நாள் வட்டியில்லாக் காலம் கிடைக்கும். ஒரு பகுதியைப் பாக்கி வைத்தாலும் அந்தச் சலுகை போய்விடும். அடுத்த மாதம் புதிதாக வாங்குகிற பெட்ரோலுக்கும் மளிகைக்கும் வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கி 40,000. மூன்றரை வட்டிக்கு ஒரு மாதத்துக்கு 1,400. அதன் மேல் ஜி.எஸ்.டி. 252. ஆக 1,652 ரூபாய். குறைந்தபட்சத் தொகை சுமார் ஐந்து சதவீதம், அதாவது 2,000 என்று வையுங்கள். 2,000 கட்டினால் அசலில் கழிவது 348 ரூபாய். கார்டை இனித் தொடவே இல்லை, மாதம் தவறாமல் 2,000 கட்டுகிறான் என்றாலும், ஒரு வருடத்தில் 24,000 கட்டிய பிறகு பாக்கி சுமார் 34,700 நிற்கும். முழுக்கத் தீர மூன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் 86,000 ரூபாய் கட்டியிருப்பான். அதே பையன் மாதம் 4,000 கட்டினால்? பதினாலாவது மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். மொத்தம் கட்டியது 53,000-க்குள். கூடுதலாக 2,000 கட்ட முடிந்தால் இரண்டரை வருடம் மிச்சம். குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் கடன் தீர எவ்வளவு காலம் இழுக்கும் என்று பில்லிலேயே எச்சரிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எச்சரிக்கையும் இருக்கிறது, அந்த நாலாம் பக்கத்துப் பொடி எழுத்துகளுக்குப் பக்கத்தில்.

'இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஊதாரிகள்' என்று சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. கடன் வாங்கிக் கல்யாணம் செய்தவர்கள், கடன் வாங்கிக் காதுகுத்து வைத்தவர்கள் நம் தலைமுறையிலும் உண்டு. ஆனால் அன்றைக்குக் கடன் கேட்க ஒரு ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும். அண்ணாச்சி கடையில் நோட்டை விரித்து, "பழைய பாக்கி முந்நூறு நிக்குதே தம்பி" என்பார். அந்தக் கூச்சமே பாதிச் செலவைத் தடுத்தது. இன்றைக்குக் கூச்சப்பட யாருமில்லை. வேலையில் சேர்ந்து மூன்றாவது சம்பளம் ஏறியதும் வங்கியே கூப்பிட்டு, 'உங்களுக்கு ஒரு லட்சம் லிமிட் தயார்' என்கிறது. ருபே கிரெடிட் கார்டை 2022-லிருந்து யு.பி.ஐ.-யோடு இணைக்கலாம் என்பதால், டீக்கடையில் ஸ்கேன் செய்கிற 15 ரூபாய்கூடக் கடனாக இருக்கலாம். ஸ்பீக்கர் கணீரென்று சொல்லும் தொகை நம் பணமா, வங்கியின் பணமா என்று டீ ஆற்றுகிறவருக்கும் தெரியாது, குடிக்கிறவருக்கும் மறந்துவிடும்.

இதில் 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்று ஒன்று. வட்டியே இல்லை என்கிற ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. நடப்பது என்னவென்றால், வட்டி அளவுக்கு விலையில் ஒரு தள்ளுபடி கொடுத்து, அதை வட்டியாக வாங்கிக்கொள்கிறார்கள். வட்டி மேல் ஜி.எஸ்.டி., பிராசஸிங் கட்டணம் இரண்டும் நம் தலையில். பெரிய தொகை இல்லைதான். ஆனால் மூன்று பொருளுக்கு மூன்று இ.எம்.ஐ. என்று சேரும்போது, சம்பளம் ஏறிய ஐந்தாம் தேதியே பாதி போயிருக்கும்.

சரி, மாட்டிக்கொண்டவர் எப்படி வெளியே வருவது? வீட்டில் நகை இருந்தால், வங்கி நகைக்கடன் வருடத்துக்கு ஒன்பது, பத்து சதவீதத்தில் கிடைக்கும். நம் கணக்கில் முக்கால் ரூபாய் வட்டி சொச்சம். மூன்றரை வட்டிக் கடனை முக்கால் வட்டிக் கடனாக மாற்றுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அம்மாவின் வளையலை வைத்துக் கார்டை அடைத்துவிட்டு, காலியான லிமிட்டில் மறுபடி தேய்த்தால் இரண்டு கடன் ஆகிவிடும். அதனால் அடைத்த அன்றே லிமிட்டைக் குறைத்துவிட வேண்டும். செயலியிலேயே செய்யலாம், இல்லாவிட்டால் வங்கிக்கு எழுதிக் கேட்கலாம். கார்டே வேண்டாமென்றால் பாக்கியைத் தீர்த்துவிட்டு மூடச் சொல்லுங்கள். ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி உங்களுக்கு 500 ரூபாய் தர வேண்டும்.

விதி தெரியாமல் கடனைக் கிடப்பில் போடுகிறவர்களுக்கு இன்னொரு அடி காத்திருக்கிறது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் அது, 300-லிருந்து 900 வரை. வீட்டுக் கடனுக்குத்தானே அது என்று இருந்துவிட வேண்டாம். கடன் பாக்கி வைத்த வரலாற்றைக் காரணம் காட்டி ஸ்டேட் வங்கி ஒருவரின் பணி நியமனத்தை ரத்து செய்தது சரியே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-ல் சொல்லியிருக்கிறது. வங்கித் தேர்வுக்கு ராத்திரி பகலாகப் படிக்கிற பிள்ளைகள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை உங்கள் கடன் அறிக்கையை இலவசமாகவே எடுத்துப் பார்க்கலாம்.

சேமிக்கும் பழக்கம் என்று வந்தால், பள்ளிக்கூடத்தில் சஞ்சயிகா சேமிப்பில் சில்லறை போட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். தீபாவளிச் சீட்டு கட்டாத தெரு உண்டா? செலவு செய்ய மிச்சமில்லாதபடி முதலிலேயே பணத்தை எடுத்து வைக்கும் வழி அது. இன்றைக்கு அதையே வங்கியில் செய்யலாம். சம்பளம் விழுந்த மறுநாளே ஆர்.டி.க்குத் தானாகப் போகிற மாதிரி வைத்துவிடுங்கள். அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே கட்டலாம். இரண்டாவது ஒரு கணக்கில் மாதச் செலவுக்கானதை மட்டும் போட்டு, அதை மட்டுமே யு.பி.ஐ.-யில் இணையுங்கள். கார்டு வைத்திருப்பவர்கள் ஆட்டோ-பே போடும்போது 'மினிமம்' என்று இருப்பதை 'முழுத் தொகை' என்று மாற்றுங்கள். விருதுநகர்ப் பையனுக்கு அத்தை அன்றைக்கு முதலில் மாற்றச் சொன்னது அதைத்தான். "கணக்குல காசு இல்லன்னா பவுன்ஸ் ஆகிடுமே அத்தை" என்றிருக்கிறான். "அப்போ காசு இல்லாம ஏன்டா வாங்குற?" என்று கேட்டுவிட்டுச் சமையலைப் பார்க்கப் போய்விட்டார் அந்த அம்மா.

கடைசியாகக் கடன் செயலிகள். ஐந்து நிமிடத்தில் பத்தாயிரம் தருகிறேன் என்கிற செயலி உங்கள் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் பார்க்க அனுமதி கேட்டால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி அப்படிக் கேட்கக் கூடாது. முறையான கடன் என்றால், எல்லாக் கட்டணமும் சேர்த்து வருட வட்டி எவ்வளவு என்பதை முன்கூட்டியே தாளில் காட்ட வேண்டும். அதைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், நூற்றுக்கு எத்தனை ரூபாய் வட்டி என்று தெரிந்துவிடும். வசூலுக்குப் பேசுகிறவர்கள் காலை எட்டு மணிக்கு முன்போ, இரவு ஏழு மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது. வீட்டாரையும் நண்பர்களையும் அழைத்து மிரட்டுவதும் கூடாது. மிரட்டினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. படத்தை மாற்றி அனுப்புவேன் என்கிற மோசடிச் செயலி என்றால் காத்திருக்கவே வேண்டாம், உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள்.